கைப்பிடிக்காத ஆவுடையப்பன்

“நான் எவன் கையையும் பிடிச்சு மேல ஏறினவன் இல்லைலே! ஒழைக்கிறவன் வாசப்படிய வறுமை மிதிக்காது.”

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றின் வாசலில், டீக்கடை பெஞ்சில் அமர்ந்து உலகுக்கு இதை அறிவித்தவர் ஆவுடையப்பன், ஸ்பின்னிங் மேஸ்திரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் அவரை அதே மில்லுக்குள் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டவர் அவருடைய மாமனார். ஆனால் அந்த மாமனாருடைய மகளைக் கட்டிக்கொண்டது தம் சொந்த முடிவு என்பதால், அதுவும் உழைப்பில்தான் சேரும் என்பது அவர் வாதம்.

உரையைக் கேட்டே தீர வேண்டியவர்கள் பதிலிகள். ஷிப்டுக்கு ஷிப்டு கேட்டில் நிற்பார்கள். நிரந்தரத் தொழிலாளி யாராவது வராவிட்டால் டைம் ஆபீஸ்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அன்று வேலை. கூப்பிடாவிட்டால் தூக்குவாளியோடு வீடு. சேத்தூர் வேல்சாமி எண்பத்து மூன்றில் வந்து நின்றார், தொண்ணூற்று இரண்டிலும் நின்றார். சோம்பேறித்தனத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

“ஏலே வேல்சாமி, அய்யனார் கோவில் அருவிக்குப் போனியாமே?”

“ஆமாண்ணாச்சி. பிள்ளைய ஒருநா குளிக்கக் கூட்டிட்டுப் போனேன்.”

“அங்கதாம்ல வறுமை ஒட்டுது! நான் இந்த மில்லுக்கு ஒருநா லீவு போட்டிருப்பனா?”

போட்டதில்லை. அதற்காக மில் கொடுத்த சுவர்க்கடிகாரத்தை வீட்டில் சாமி படத்துக்கு மேலே மாட்டியிருந்தார்.

வேல்சாமி பொறுமையாகத் தலையாட்டியதற்குக் காரணம் உண்டு. மறு வருடம் ஆவுடையப்பன் ஓய்வு பெற வேண்டும். அதனால் காலியாகும் நிரந்தர இடம், பதிலிகளில் மூத்தவரான வேல்சாமிக்கு வரும். “ஒனக்குத்தாம்ல. எம் மவன் அவன் ஒழைப்புல வருவான்” என்று டீக்கடையே கேட்க வாக்கும் கொடுத்திருந்தார்.

அந்த மகன் முத்துவீரன், கேரம் போர்டில் சிவப்புக் காயைக் குழியில் தள்ளுவதில் மட்டும் சலியாத உழைப்பாளி. அவனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு மில்லில் நிரந்தர வேலை என்றால் பேசலாம் என்றார்கள் பெண் வீட்டார்.

“அவிய கேக்கறதுல என்ன தப்பு?” என்றாள் ஆவுடையப்பனின் மனைவி வெள்ளத்தாய். “ஒமக்கு வேலைய வாங்கிக் குடுத்தது எங்கய்யா. ஒம்ம மவனுக்கு நீரு குடுக்க மாட்டீரோ?”

கொடுக்க வழி இருந்தது. வயதாகி ஓய்வு பெற்றால் மகனுக்கு ஒன்றுமில்லை. அதற்கு முன்பே, உடம்பு வேலைக்கு லாயக்கில்லை என்று மில் டாக்டர் சொல்லிவிட்டால், இடம் வாரிசுக்குப் போகும். ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் திடீர் திடீரென்று உடம்பு கெட்டது.

அடுத்த திங்கட்கிழமை காலை, முந்தின நாள் வரை சிங்கமாகக் கர்ஜித்தவர் முதுகை வளைத்து, இருமிக்கொண்டே கேட்டுக்கு வந்தார். வேல்சாமி பதறி ஓடினார்.

“என்னண்ணாச்சி இது?”

“மூச்சு வாங்குதுலே. டாக்டர் ரூம் மாடில. சித்த கையக் குடு.”

அவர் கையைப் பற்றிக்கொண்டு ஆவுடையப்பன் படியேறினார். பாதிப் படியில், கீழே டைம் ஆபீஸ்காரர் “வேல்சாமி!” என்று கூப்பிட்டது கேட்டது. வேல்சாமி திரும்பினார். பற்றிய கை இறுகியது. அன்றைய வேலைக்கு வேறொருவர் உள்ளே போனார்.

அறை வாசலில் நின்ற வேல்சாமிக்கு உள்ளே பேசியது எல்லாம் கேட்டது.

“இனிமே வேலை பார்க்க முடியாதா?”

“ஏலாதுங்கய்யா. ஒழைக்க ஒடம்புல ஒண்ணுமில்ல.”

“எடம் யாருக்கு?”

ஒரு இருமல். பிறகு, டீக்கடைக்குக் கேட்காத குரலில், “மவனுக்குங்கய்யா.”

வெளியே வந்த ஆவுடையப்பன் மறுபடி கையை நீட்டினார். ஜன்னலில் டாக்டர் நின்றுகொண்டிருந்ததால், கீழ்ப்படி வரைக்கும் வேல்சாமியின் கையை விடவில்லை.