அவளுடைய ஏழு படங்கள்

என் மனைவிக்குத் தலைமுடி கொட்டிய மாதங்களில் அவளை நான் ஏழு தடவை படம் பிடித்தேன். பிடிக்கச் சொன்னதும் அவள்தான். கொழும்பில் புற்றுநோய்க்கு மருந்தேற்றிவிட்டுக் கல்முனைக்குடிக்குத் திரும்பிய இரண்டாம் கிழமை தலையணை முழுக்க முடி கிடந்தது. அழப்போகிறாள் என்று பயந்துகொண்டு நின்றேன். அவளோ முக்காட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள்.

"இஞ்ச பாருங்க, ஒண்டு எடுங்க. மாசத்துக்கு ஒண்டு எடுத்து வைங்க. மறுகா முடி முளைக்கக்குள்ள எல்லாத்தையும் வெச்சுப் பாத்துச் சிரிப்பம்."

எடுத்தேன். போனை வாங்கித் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குரலை இறக்கினாள்.

"இத வேற ஆரும் பாக்கப்படா. நம்மட மகனும் பாக்கப்படா."

"ஓம்" என்றேன்.

"ஓம் எண்டாப் போதாது. அமானிதம் எண்டு சொல்லுங்க."

அமானிதம் என்று சொன்னேன். நம்பி ஒப்படைத்த ஒன்றைக் காத்துத் தருவேன் என்று படைத்தவனுக்கு முன்னால் ஏற்றுக்கொள்வது அது. என் தம்பி வாசலில் செருமினாலே முக்காட்டை இழுத்துப் போடுகிறவள் அவள். வெளிநாட்டிலிருக்கும் மகனோடு வீடியோவில் கதைக்கும்போதும் நெற்றிவரை மூடிக்கொண்டுதான் உட்காருவாள். முடி போன கதையைப் பற்றி அவனிடம் மூச்சு விடவில்லை. ஏழாவது படத்தில் தலையில் மெல்லிய முடி அரும்பியிருந்தது. அதைத் தடவிக்கொண்டு சிரித்தாள். எட்டாவது படம் எடுக்கும் மாதம் வரவில்லை.

அவள் மௌத்தாகி, அடக்கம் முடிந்து ஒரு வருஷம் கழித்து மகன் என்னைத் தன்னிடம் வந்து சில மாதம் இருக்கச் சொன்னான். விசா வந்ததும் ஒரு புத்திமதியும் வந்தது.

"வாப்பா, இஞ்ச எயார்போட்ல போனத் திறந்து பாக்காங்க. ஓதல் கீதல், அரபில உள்ளது எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு வாங்க."

எங்கள் ஊரில் இதைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இராணுவம் வீடு வீடாகத் தேடிய நாட்களில் அரபு எழுத்துள்ள எதையும் ஒளித்து வைத்தவர்கள் நாங்கள். நான் ஒரு பின்னேரம் முழுவதும் உட்கார்ந்து அழித்தேன். குர்ஆன் ஓதல்கள் போயின, துஆக்கள் போயின. பள்ளிவாசல் குழு, ஊரில் யார் மௌத்தானாலும் சொல்லும் ஜனாஸா அறிவித்தல் குழு எல்லாம் போயின. தாடி வைத்த கூட்டாளிமாரின் படங்களைக்கூட விடவில்லை. அவர்கள் அரிசி வியாபாரிகள், பாவம். கடைசியில் போனில் மிஞ்சியவை மகனின் இலக்கமும், பூட்டுப் போட்ட ஓர் இடத்தில் அவளுடைய ஏழு படங்களும்தான். இவ்வளவு வெறுமையான போனைக் கண்டால் எவனுக்கும் சந்தேகம் வரும் என்று நாற்பது வருஷம் கல்முனையில் புடவைக்கடை நடத்திய எனக்குத் தோன்றவில்லை.

அந்த நாட்டு விமான நிலையத்தில் என்னை வரிசையிலிருந்து தனியே அழைத்துப் போன அதிகாரி இளைஞர், மரியாதையானவர். உடம்பைச் சோதிக்கும் முன், ஆண் அதிகாரி சோதிப்பதில் எனக்குச் சம்மதமா என்று கேட்டார், பெண்கள் என்றால் பெண் அதிகாரிதான் சோதிப்பார் என்றும் விளக்கினார். நல்ல ஒழுங்குதான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அடுத்து போனைக் கேட்டார். கூடவே அச்சடித்த தாள் ஒன்றையும் தந்தார். பூட்டைத் திறக்கும் எண்ணை நான் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். சொல்லாவிட்டால் போன் அவர்களிடமே இருக்கும், என்னை உள்ளே விடுவதா என்பதையும் அவர்கள் யோசிப்பார்கள். தேவைப்பட்டால் உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்து, தேவைப்படும் காலம்வரை வைத்திருப்பார்கள். தாளின் கீழே, நான் விரும்பித் தருவதாகக் கையொப்பம். வைத்தேன், எண்ணையும் சொன்னேன்; படங்களின் பூட்டுக்கும் அதே எண்தான். வெளியே மகன் காத்துக்கொண்டிருந்தான்.

அவர் விரல் அந்தப் பூட்டுப் போட்ட இடத்தில் வந்து நின்றது. இது என்ன என்று கேட்டார்.

"என் மனைவி. அவள் இப்போது இல்லை" என்றேன். எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும், கோபமோ பயமோ வந்தால் அது போய்விடும். அன்று இரண்டும் ஒன்றாக வந்தன. "தயவுசெய்து ஒரு பெண் அதிகாரியைக் கூப்பிடுங்கள். இதைப் பெண்தான் பார்க்க வேண்டும்."

அது உடல் சோதனைக்கு உரிய விதி, இது சாதனம் என்றார் அவர்.

"சாதனத்துக்குள்ளே இருப்பது பெண்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. மேசையில் தட்டியும் விட்டேன் போலிருக்கிறது. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் ஒரு நொடியில் விரலால் தள்ளிவிட்டுப் போயிருப்பார். இன்றுவரை என்னை அரிக்கிற நினைப்பு அதுதான். வெறுமையான போன், அதில் பூட்டு, பூட்டைத் தொட்டதும் கத்துகிற கிழவன். போனை உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். இடையில் கண்ணாடிதான். மூன்று ஆண்கள் தலை குனிந்து பார்த்தார்கள். ஒருவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

அவளை அடக்கிய நாள் நினைவுக்கு வந்தது. கபுறுக்குள் இறக்கும்போது நாலு பேர் மேலே ஒரு புடவையை விரித்துப் பிடித்தார்கள். பெண் மையித்து என்றால் எங்களிடம் அப்படித்தான். கபன் துணியால் முழுவதும் மூடியிருந்தாலும், அவள் உடம்பின் அளவுகூட மற்றவர் கண்ணில் படக்கூடாது. நானும் அவளுடைய சகோதரர்களும் மட்டும் புடவைக்குக் கீழே நின்று இறக்கினோம். அப்படி அனுப்பி வைத்தவளை இங்கே மூன்று பேர் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

இளைஞர் போனைத் திருப்பித் தந்தார். உங்கள் மனைவிக்காக வருந்துகிறேன் என்றார். உண்மையாகத்தான் சொன்னார், முகத்தில் தெரிந்தது. விதிப்படி பிரதி எடுத்திருக்கிறோம் என்றும் சொன்னார்.

மகனிடம் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், பிரதியை அழித்துவிடும்படி ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றேன். கணினியைத் திறந்து உட்கார்ந்தான்.

"என்ன படம் எண்டு எழுதோணும் வாப்பா."

"உம்மாட படம்."

"உம்மாட எந்தப் படம்?"

அவன் திரும்பிப் பார்த்தான். வேறு வழியில்லை.

"முடியில்லாம இரிக்கக்குள்ள எடுத்தது. ஒனக்கும் காட்டப்படா எண்டு சொன்னவ."

அவன் கை நின்றுவிட்டது. "முடி கொட்டினதா? என்னட்டச் சொல்லவே இல்லயே" என்றான். நாற்பது வயதுக்காரன், முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தேம்பினான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "நான் பாக்க மாட்டன் வாப்பா. கேக்கவும் மாட்டன்." கடிதத்தை எழுதி முடித்தான். அவளுக்குக் கொடுத்த வாக்கில் பாதி அந்த மேசையிலும் போயிற்று.

பதில் வந்தபோது நான் ஊருக்குத் திரும்பியிருந்தேன். மகன் போனில் வாசித்துக் காட்டினான். இரண்டு பக்கம் மிகப் பணிவாக எழுதியிருந்தார்களாம். எனக்கு விளங்கவில்லை, சுருக்கமாகச் சொல் என்றேன்.

"படத்தில இரிக்கிற ஆள்தான் கேக்கோணுமாம் வாப்பா. உசிரோட இரிக்கிற ஆக்களுக்குத்தான் இந்தச் சட்டமாம். மௌத்தானவங்களுக்கு இல்லயாம்."

"அப்ப அவ கேக்கேலாதா?"

"ஏலாது வாப்பா."

போனை வைத்துவிட்டுப் பின்னேரத்து அஸர் தொழுதேன். தொழுகையில் மனம் நிற்கவில்லை. நாளைக்கு நானும் மௌத்தாவேன். இந்தப் போன் மருமகளின் கைக்கோ பேரனின் கைக்கோ திருத்துகிற கடைக்காரனின் கைக்கோ போகும். அமானிதத்தில் என்னால் இனிக் காக்க முடிந்தது என் கையில் இருப்பதை மட்டும்தான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, ஒவ்வொன்றாக அழித்தேன். ஏழாவதை அழிக்க விரல் வரவில்லை. பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாங்கு முடிந்ததும் அதையும் அழித்தேன்.

இப்போது அவள் சிரித்தது என்னிடம் இல்லை. அந்த மூன்று பேரிடம் இருக்கிறது.