பாறைமேல் குடியிருந்த ஊர்

கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் போனில் பேசிக்கொண்டதை எல்லாம் ஒரு ஊரே கேட்டது. ஒட்டுக்கேட்டது என்று சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, வெற்றிலை போட்டபடி நிதானமாகக் கேட்டது.

அவள் கிராம சுகாதார செவிலியர். மலைமேல், கரியாலூருக்கு அப்பால் ஒரு பள்ளத்தில் ஒதுங்கிக் கிடக்கும் சிற்றூரில் துணை சுகாதார நிலையம், அதை ஒட்டிய அறையிலேயே அவளுக்குக் குடியிருப்பு. நான் கள்ளக்குறிச்சியில் தங்கி, ரிஷிவந்தியம், மணலூர்பேட்டை பக்கத்து செல்போன் டவர்களைப் பராமரிக்கும் ஒப்பந்த ஊழியன். டவர்க்காரன் பெண்டாட்டிக்கு டவர் கிடைக்கவில்லை என்று இரண்டு வீட்டிலும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஊரில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றுதான். மூச்சு வாங்க மேலே ஏறினால் ஒரு பாறை, அதன் ஓரம் ஒரு பலா மரம். போனை வீட்டில் வைத்திருந்தால் சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜ் தீர்ந்துபோகிறது என்று ஊர்க்காரர்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு போனைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து அந்த மரத்துக் கிளையில் மாட்டிவிடுவது. சாயங்காலம் காட்டு வேலை முடிந்து வந்து, பேச வேண்டியதைப் பேசிவிட்டு, மறுபடி மாட்டிவிட்டுப் போவார்கள். சார்ஜ் ஏற்றவும், மழைக்கு ஒதுங்கவும் மட்டும் அவை வீட்டுக்கு வரும். பகலில் எந்தப் பை மணியடித்தாலும், அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருப்பவர் எடுத்து, கூப்பிட்டவரிடம் குசலம் விசாரித்து, சேதியை வாங்கி வைத்துக்கொள்வார். திருட்டுப் பயமே கிடையாது. ரகசியம் என்ற ஒன்றும் கிடையாது.

என் மனைவியும் சாயங்காலம்தான் அங்கே ஏறி வந்து எனக்குப் பேசுவாள். அந்நேரத்துக்கு ஊர் மொத்தமும் பாறையில் இருக்கும். சாப்பிட்டாயா, சாப்பிட்டீர்களா, அங்கே மழையா, இங்கே வெயில். இரண்டு அரசு அலுவலகங்கள் பேசிக்கொள்வது போல இருக்கும். ஒருமுறை ஆசையில் கொஞ்சம் கொஞ்சலாக ஏதோ சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல், "வூட்டுக்காரர் இன்னா சொல்றாரு நர்சம்மா, மொகமே மாறிப்போச்சு" என்று அக்கறையாக விசாரித்தது. அன்றிலிருந்து வெயிலையும் மழையையும் தாண்டி நான் பேச்சை நகர்த்தவில்லை.

ஆனால் பேச வேண்டியது ஒன்று இருந்தது. மாறுதல் கலந்தாய்வு வரப்போகிறது. அவள் விண்ணப்பம் போட்டால் கீழே வந்துவிடலாம். ரிஷிவந்தியம் பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம். அதைவிடப் பெரிய ஆசை எனக்கு அப்போது எதுவும் இல்லை. பாறையில் இருக்கும்போது கேட்டால் "பாக்கலாங்க" என்பாள். சுற்றி உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் எதிரில், உங்களை விட்டுப் போகிறேன் என்று பாவம் எப்படிச் சொல்வாள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். மெசேஜில் கேட்டால் ஒரு சிரிப்புப் பொம்மை வரும். மாதாந்திரக் கூட்டத்துக்காக அவள் கள்ளக்குறிச்சிக்கு வரும் நாளில் நேரில் கேட்கலாம்தான். கிடைப்பதே அந்த ஒரு நாள், அதையும் வாக்குவாதத்தில் தொலைக்க எங்கள் இருவருக்குமே மனம் வராது. பிரியாணி சாப்பிடுவோம், பஸ் ஏற்றி விடுவேன்.

ஆக, அவள் அறைக்குள் சிக்னல் வந்துவிட்டால், கதவைச் சாத்திக்கொண்டு "வர்றேன்" என்று சொல்லிவிடுவாள் என்று முடிவு கட்டினேன்.

டவர்க்காரனுக்கு இது ஒரு பெரிய காரியமா என்று தோன்றும். பெரிய காரியம்தான். இந்தக் காலத்து நெட்வொர்க்கில் மனிதனுக்கு வேலை கம்மி. புது டவரில் கருவியை மாட்டிக் கரண்ட் கொடுத்தால், அதுவே தலைமையிடத்தைக் கூப்பிட்டு, நான் யார், எந்த அலைவரிசையில் பேசட்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். போன்கள் சொல்லும் சேதியை வைத்து அக்கம்பக்கத்து டவர்களைத் தெரிந்துகொள்ளும். ஒரு டவர் படுத்துவிட்டால் அடுத்த டவர்கள் கொஞ்சம் எட்டிப்பார்த்து அதன் ஜனங்களையும் சேர்த்துத் தாங்கும். ஆன்டெனாவில் ஒரு குட்டி மோட்டார் உண்டு. எங்கே ஆள் ஜாஸ்தி, எங்கே பேச்சு அறுந்துபோகிறது என்று பார்த்து அது ஆன்டெனாவின் பார்வையை மேலேயோ கீழேயோ திருப்பும். யாரையும் கேட்காது. எனக்கு என்று கம்பெனிக்காரர்கள் மிச்சம் வைத்திருப்பது டீசல் ஊற்றுவதும், எலி கடித்த வயரை மாற்றுவதும். தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும் நெட்வொர்க் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எலியிடம் அதன் ஜம்பம் இன்னும் பலிக்கவில்லை.

மலைக்குச் சிக்னல் கொடுக்கும் இவ்வளவு கெட்டிக்கார டவர் கண்ணில் என் மனைவி இருக்கும் பள்ளம் மட்டும் ஏன் படவில்லை? சென்னையில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் இன்ஜினியரைப் போனில் பிடித்தேன். சாதாரணமாகவே எனக்கு மூக்குமேல் கோபம். அன்று கேட்கவே வேண்டாம். அவர் பொறுமையாக வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பள்ளத்துல யாருமே இல்லியே சார். எல்லாரும் பாறை மேலதான் இருக்காங்க. ராத்திரிகூட அங்கதான் இருக்காங்க. எதாவது அபார்ட்மெண்டா சார்?"

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் ரோட்டோரமாக வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். டவருக்கு மனிதர்களைத் தெரியாது, போன்களைத்தான் தெரியும். போன்கள் பலா மரத்தில் தொங்குகின்றன. ஆகவே ஊர் பலா மரத்தில் குடியிருக்கிறது. அந்த ஊருக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று அது பார்த்துப் பார்த்துப் பாறையையே கவனித்திருக்கிறது. ஜனங்கள் பள்ளத்தில் இருட்டில் கிடக்க, பலாக்காய்களுக்கு அருமையான இன்டர்நெட் கிடைத்துக்கொண்டிருந்தது.

அதைக் கையால் கீழே திருப்பிவிடுங்கள் என்றேன். தான் திருப்பினாலும் அது மறுபடி பாறைக்கே திரும்பிவிடும், பள்ளத்தில் ஆள் இருப்பதற்கு அதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார். பாறையில் பேச ஆரம்பித்து, பேசிக்கொண்டே வீட்டுக்கு இறங்க வேண்டும். வழியில் பேச்சு அறுந்துபோக வேண்டும். பிறகு சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும், எந்த இடத்தில் அறுந்தேன் என்று போனே டவரிடம் புகார் சொல்லிவிடும். நிறையப் போன்கள் நிறைய நாள் புகார் சொன்னால் டவர் யோசிக்கும். சுருக்கமாக, ஊரே சேர்ந்து வேண்டுமென்றே லைனை அறுத்துக்கொள்ள வேண்டும்.

இதை என் மனைவியிடம் சொல்லி ஊருக்குச் சொல்லச் சொன்னேன். கைக்குழந்தைகளுக்கு ஊசி போடத் தாய்மார்களைச் சம்மதிக்க வைத்தே பழகியவள். மாத்திரை சாப்பிடச் சொல்வது போலவே சொல்லியிருக்கிறாள், காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம், விடாமல். கட்டாவதற்கு எதற்குப் பேச வேண்டும் என்று ஆடு மேய்ப்பவர் கேட்டிருக்கிறார். ஆனாலும் நர்சம்மா சொன்னதற்காகச் செய்தார்கள்.

இதில் ஒரு சிக்கலை நான் எதிர்பார்க்கவில்லை. தினமும் இரண்டு வேளை கூப்பிட அவர்களுக்கு அத்தனை சொந்தக்காரர்கள் ஏது? எல்லாரும் என்னைக் கூப்பிட்டார்கள். கரும்புத் தோட்டத்து நடுவே டவர்மேல் ஏறித் தொங்கிக்கொண்டிருப்பேன், மணியடிக்கும். "நர்சம்மா வூட்டுக்காரருங்களா? எறங்கிக்கினு இருக்கேன். இதோ இப்ப கட்டாவும் பாருங்க." சொன்னபடியே கட்டாகும். அடுத்தவர் கூப்பிடுவார். ஒருவர் வீடுவரைக்கும் கட்டாகாமல் போய்விட்டு, தப்பு செய்துவிட்டேனா என்று பயந்துபோய்க் கேட்டார். எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. டவர் குனிய ஆரம்பித்திருந்தது.

இன்ஜினியரைக் கேட்டேன். நான் ஒண்ணும் தொடல சார், அதுவே எறங்கியிருக்கு என்றார். அவர் குரலிலும் கொஞ்சம் சந்தோஷம்.

இரண்டொரு நாளில், மணலூர்பேட்டை டவரடியில் ஜெனரேட்டரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள். காற்று இரைச்சல் இல்லை, ஆட்டுச் சத்தம் இல்லை, யாரும் இருமவில்லை. அறைக்குள்ளிருந்து பேசுவதாகச் சொன்னாள். கையிலிருந்த கிரீஸை பேண்ட்டிலேயே துடைத்துக்கொண்டேன். இப்பவாவது மனசுவிட்டுச் சொல்லு, யாரும் கேட்கவில்லை, மாறுதல் எழுதிக் கொடுக்கிறாய்தானே என்றேன்.

"எழுதிக் குடுக்கலீங்க," என்றாள். "எனக்கு இங்கயே இருக்கணும். புடிச்சிருக்கு."

பாறையில் அவர்களுக்கு முன்னால் சொல்ல முடியாமல்தான் இத்தனை நாள் இழுத்தாயா என்று கேட்டேன்.

"அவங்க கேட்டா இன்னா, சந்தோஷந்தான் படுவாங்க. நீங்க கெஞ்சறதும் நான் முடியாதுன்றதும் அத்தனை பேரு எதிர்ல வேணான்னுதான். உங்களுக்கு அசிங்கமாப் பூடும். நேர்ல சொல்லலாம்னா, உங்க மொகத்தப் பாத்ததும் சரி வர்றேன்னு சொல்லிடுவேன்."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் எனக்கு மறுப்புச் சொல்லவும் முடியாமல், என் மானத்தையும் விட முடியாமல், தினமும் அந்தப் பாறையில் ஏறி மழையையும் வெயிலையும் பேசியிருக்கிறாள். நான் அதை ஊருக்காகத் தயங்குகிறாள் என்று நினைத்திருக்கிறேன்.

"நீங்க மேலயே வந்துடறீங்களா?" என்றாள்.

லைன் இந்நேரம் கட்டாகிவிடாதா, யோசிக்க ஓர் இரவு கிடைக்காதா என்று வாழ்க்கையில் முதன்முறையாக ஆசைப்பட்டேன். அவள் பக்கத்தில் மின்விசிறி சுற்றுவதுகூடத் துல்லியமாகக் கேட்டது. அவள் காத்துக்கொண்டிருந்தாள். நான் "வர்றேன்" என்று சொல்லும்வரை லைன் கட்டாகவே இல்லை.