அந்த ஊர்க் கூலிக்குச் சமம்

அந்தப் பழைய ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவளை எல்லோரும் லிஃப்ட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம். கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, பித்தளைக் கைப்பிடியைத் திருப்பினால் பெட்டி ஏறும், விட்டால் நிற்கும். தளத்துக்கும் பெட்டிக்கும் நூல் பிசகாமல் நிறுத்துவாள். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, ஒன்பது வருஷம் ஒரே முக்காலியில் உட்கார்ந்தவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

ஏழாம் மாடியில் கூலி வாரியம் இருந்தது. குறைந்தபட்சக் கூலியை ஏற்றலாமா, வேண்டாமா என்று மூன்று வருஷமாக அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளிகள் சங்கத் தலைவர், தொழிலாளர் சங்கத் தலைவர், நடுவில் ஒரு பொருளாதாரப் பேராசிரியர். அவர்கள் பேச்சு அவளுக்கு ஏழு மாடி நீளத்துக்குத்தான் கிடைக்கும். "கூலிய ஏத்தினா சின்னக் கம்பெனிக்காரன் ஆளைக் குறைப்பான், இல்ல கடையைச் சாத்துவான்" என்று முதலாளிகள் தலைவர் மூன்றாம் மாடியில் ஆரம்பித்தால், "வயிறு நிறையாதவன் உங்க கடைக்கு வந்து என்னத்த வாங்குவான்?" என்று மற்றவர் ஐந்தாம் மாடியில் மடக்குவார். கீரியும் பாம்புமாக மேலே போகிறவர்கள், கீழே வரும்போது சர்க்கரை வியாதிக்கு நல்ல டாக்டர் யார் என்று பேசிக்கொண்டு வருவார்கள். பேராசிரியர் மட்டும் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். "ஏத்தினா நல்லதாங்க, கெட்டதாங்க?" என்று ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டாள். "எவ்வளவு ஏத்தறோம்ங்கறதப் பொறுத்தது அம்மா" என்றவர், தரைத்தளம் வந்ததும் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவளுக்கு ஏன் இத்தனை அக்கறை? அவள் சம்பளமும் ஏறும் என்பது நிஜம்தான். ஆனால் அவள் காத்திருந்தது அதற்காக அல்ல, வீட்டுக்காரருக்காக.

அவர் பை தைக்கிறவர். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரில் அதே பையைத் தைத்தால் கூலி ஒன்றரை மடங்கு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் பஸ் ஏறினார். "அந்த ஊர்க் கூலி இங்க எப்போ வருதோ, அடுத்த பஸ்ஸுல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டுச் சாவி இரண்டில் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். சாவியை எடுத்துக்கொண்டு போகிறவர் திரும்பத்தானே வேண்டும் என்று அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். வருஷத்துக்கு ஒருமுறை நாலு நாள் வருவார். அவள் அடுப்பருகே நிற்கும்போது வெளியிலிருந்து பூட்டில் சாவி திரும்பும். அந்த ஒரு சத்தத்துக்காக மிச்ச நாளெல்லாம் ஏங்கினாள். பக்கத்து வீட்டுப் பூட்டு திறந்தால்கூட நெஞ்சு ஒருமுறை எழுந்து உட்காரும்.

தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் பேசுவார்கள். அவர் மெஷினை நிறுத்த மாட்டார். பைக்கு இவ்வளவு என்று கணக்கு, நிறுத்தினால் நஷ்டம். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு கடகட சத்தத்துக்குள் பேசுவார். முடிக்கும்போது அவள், "சாவி இருக்கா?" என்பாள். "இருக்கு, இருக்கு" என்பார். வாங்க என்று அவள் சொன்னதில்லை, வரட்டுமா என்று அவரும் கேட்டதில்லை. தான் கூப்பிட்டு அவர் வந்து, பிறகு வரவு செலவு கையைக் கடித்தால் பழி தன் தலையில் விழுமே என்று அவளுக்குப் பயம். இரண்டு பேரும் ஆசையை ஏழாம் மாடியிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள், அசடுகள்.

"அத்தைக்கு மீசை முளைக்கட்டும் லிஃப்ட்டக்கா, அப்புறம் சித்தப்பான்னு கூப்பிடலாம்" என்பான் வாசல் காவலாளி.

ஒருநாள் முளைத்தேவிட்டது. கடைசிக் கூட்டம் முடிந்து மேலேயிருந்து மணி அடித்ததும் போனாள். அவசரத்தில் கைப்பிடியை முன்னாலேயே விட்டுவிட, பெட்டி தளத்துக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. தொழிலாளர் தலைவர் தடுமாறி உள்ளே இறங்கியவர், கோபிக்காமல் சிரித்தார்.

"ஏத்தியாச்சும்மா. அந்த ஊர்க் கூலிக்குச் சமமா!"

"எத்தனை பேர் கடையைச் சாத்தப் போறாங்களோ" என்று முனகினார் முதலாளிகள் தலைவர். "பார்க்கலாம்" என்றார் பேராசிரியர்.

அவர்களை இறக்கிவிட்டு, கம்பிக் கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து போன் போட்டாள்.

"ஏத்திட்டாங்க! அந்த ஊர்க் கூலிக்குச் சமமாம்!"

மெஷின் கடகடத்தது. "அப்படியா? நல்லதாப் போச்சு" என்றார். ஒரு தையலை ஓட்டி முடித்துவிட்டுச் சொன்னார். "இங்கயும் போன வாரம் ஏத்திட்டாங்க. பழையபடி ஒண்ணரை மடங்குதான் நிக்குது. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம வெச்சிருந்தேன்."

பழைய குருடி கதவைத் திறடி. மூன்று வருஷம் அத்தனை பேரையும் ஏற்றி இறக்கினாளே, எதற்கு? இங்கே ஏறினால் அங்கேயும் ஏறும். இரண்டு ஊரும் மாறி மாறி ஏறிக்கொண்டிருந்தால், இவர்கள் இருவருக்கும் தலை நரைத்துவிடும்.

"வந்துடுங்க" என்றாள்.

"சாவிதானே? இருக்கு, இருக்கு."

"சாவியக் கேக்கல!" என்று கத்தினாள். காவலாளி திரும்பிப் பார்த்தான்.

மெஷின் நின்றது. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது.

"நிறுத்திட்டேன். இப்போ சொல்லு" என்றார்.

ஏழாம் மாடியிலிருந்து மணி அடித்தது. மறுபடியும் அடித்தது. ஒருநாளும் மணியைக் காக்கவைக்காதவள், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, "வந்துடுங்க" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.