வண்டி வந்தால் ஓடுகிறவள்

லூர்தம்மாளுக்குக் கால் முந்திக்கொள்ளும், புத்தி பின்னால்தான் வந்து சேரும். தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு இட்லி கொண்டுபோய் நடைபாதையில் விற்கிற யாருக்கும் அப்படித்தான். "காடி ஆயி!" என்று தெருமுனையில் ஒரு குரல் கேட்டால், கடைகளை அள்ளிக்கொண்டு போக வார்டு ஆபீஸ் வண்டி வந்துவிட்டது என்று அர்த்தம். கத்தினது யார், மெய்யா பொய்யா என்று விசாரித்துக்கொண்டு நின்றால் அண்டா போய்விடும். அதனால் இட்லி அண்டா தலையில், சாம்பார்த் தூக்கு ஒரு கையில், சட்னி வாளி மறு கையில் என்று கண் மூடித் திறப்பதற்குள் பக்கத்துச் சந்துக்குள் இருப்பாள். ஓட்டத்தில் அவளை அடித்துக்கொள்ள அந்த ரோட்டில் ஆளே கிடையாது.

"லூர்தக்கா, ஒங்களை ஒலிம்பிக்குக்கு அனுப்பியிருக்கணும்" என்பார், பக்கத்தில் கூடை வைத்து வாழைப்பழம் விற்கிற மேலப்பாளையத்து உதுமான்.

"போரும் பாய், முதல்ல ஒம்ம கூடையப் பாரும்" என்பாள் இவள்.

புருஷன் ஆபிரகாம் தோல் கம்பெனியில் வேலை பார்த்து, நெஞ்சு கெட்டு, பாதி வயசில் போய்ச் சேர்ந்தவன். மகள் சுனிதாவைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தது இட்லிதான். ஒரு பேங்க்கின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இவளுக்கு இடம். லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிற ஆபீஸ்காரர்கள் நின்றபடியே நாலு இட்லியை விழுங்கிவிட்டுப் போவார்கள். அந்த வியாபாரம் தன்னுடையது, யாருக்கும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. இருக்கட்டுமே, அதிலென்ன தப்பு?

கொரோனா வந்தது. ரயில் நின்றது, ஆபீஸ் நின்றது, இட்லி தின்ன ஆளில்லை. வீட்டில் அரிசி தீர்ந்தபோது கிரைண்டரை விற்றாள். அப்போதுகூட அவள் அழவில்லை. வாங்கினவன் தூக்கிக்கொண்டு படி இறங்குகையில், "ஏலே, சாய்க்காதலே, அச்சு வளைஞ்சிரும்" என்று புத்திதான் சொன்னாள்.

ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதும் இவளும் திரும்பினாள். ஆனால் கிரைண்டர் இல்லை. இன்னொரு வீட்டிலிருந்து மாவை எடைக்கு வாங்கித்தான் அவிக்க வேண்டியிருந்தது. கிடைக்கிற லாபமெல்லாம் மாவுக்காரிக்கே போனது. போனாலும் பரவாயில்லை, இட்லி இட்லியாக வந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரு நாள் புளிக்கும், ஒரு நாள் கல்லாக இருக்கும். முலுண்டிலிருந்து வருகிற பழைய வாடிக்கைக்காரர் அனந்தநாராயணன் ஒரு வாய் தின்றுவிட்டு, "என்னம்மா, உன் இட்லியா இது?" என்று கேட்டார். திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பாள். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. இப்படியே போனால் இன்னும் கொஞ்ச நாளில் அண்டாவையும் விற்றுவிட்டு யார் வீட்டுக்காவது பாத்திரம் தேய்க்கப் போகவேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் நடைபாதை வியாபாரிகளுக்குச் சர்க்கார் கொரோனாக் கடன் கொடுக்கிறது என்று தெரிந்தது. பத்தாயிரம். பழைய கிரைண்டர் ஒன்று தாராளமாக வாங்கலாம். சுனிதா போனிலேயே எல்லாம் எழுதிப் போட்டாள்.

"வார்டு ஆபீஸ்லேர்ந்து ஒரு மேடம் வருவாங்கம்மா. நீ கடையோட உட்கார்ந்திரு. போட்டோ எடுப்பாங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதான். ஆனால் மேடம் வந்தது வார்டு ஆபீஸ் ஜீப்பில். முனையில் ஒருவன் ஜீப்பைப் பார்த்தான், கத்தினான். அப்புறம் கேட்கவேண்டுமா? ரோடே காலி. உதுமானும் ஓடிவிட்டார். பேங்க் சுவருக்கு முன்னால் நின்று, "லூர்தம்மாள் கோன் ஹை? லூர்தம்மாள்!" என்று, யார் லூர்தம்மாள் என்று கேட்டு அந்த அம்மாள் கூப்பிட்டது சந்துக்குள் தெளிவாகக் கேட்டது. சர்க்கார் ஆளுக்குத் தன் பெயர் தெரிந்திருக்கிறது என்றால் அது நல்லதுக்கில்லை என்பது லூர்தம்மாளின் அனுபவம். இன்னும் வேகமாக ஓடினாள்.

சாயங்காலம் போனில் பதில் வந்திருந்தது: குறிப்பிட்ட இடத்தில் வியாபாரி யாரும் இல்லை.

"அரே அம்மா! சர்க்கார் உனக்குப் பைசா குடுக்க வந்தா நீ ஓடுவியா? பாகலா நீ, பைத்தியமா?"

"கால் ஓடிட்டுட்டி. நான் எங்க ஓடுனேன்?"

சொல்லிவிட்டாளே தவிர, வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் கால்மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சுனிதா வார்டு ஆபீசுக்குப் போய்க் கெஞ்சிக் கூத்தாடி, இன்னும் ஒரே ஒரு தடவை வருவதாகச் சொல்ல வைத்துவிட்டு வந்தாள். அப்போதும் ஆளில்லை என்றால் கடன் கிடையாது.

"இனிமே என்ன ஆனாலும் எந்திரிக்க மாட்டேன் பாய்" என்றாள் உதுமானிடம்.

"நெசமான வண்டி வந்தா?"

"எது நெசம், எது பொய்னு கண்டேன்? உக்காந்தே பாத்துக்கிடுதேன்."

அடுத்த வாரம் ஒரு காலையில் அதே சத்தம் கேட்டது. எல்லோரும் ஓடினார்கள். லூர்தம்மாள் சொன்னபடியே கால்களை மடக்கி, அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கால் ஓடப் பார்த்தது, அவள் விடவில்லை. "மாதாவே, மாதாவே" என்று வாய் முணுமுணுத்தது. கண்ணை மட்டும் வண்டியிலிருந்து எடுக்கவில்லை.

அது நெசமான வண்டி.

இறங்கினவர்களில் ஒருவனுக்கு அவளை வருஷக்கணக்காகத் தெரியும், முதுகுப்புறமாகத்தான். அவனே திகைத்துப்போய், சித்தி முறை வைத்துக் கேட்டான்.

"க்யா மௌசி, இன்னிக்கு ஓடலியா?"

கடனுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், மேடம் வருவார்கள், அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னாள். அவனுக்கும் பாவமாகத்தான் இருந்திருக்கும். அது வேறே டிபார்ட்மெண்ட் மௌசி என்றான். பிறகு அண்டா, தூக்கு, வாளி எல்லாவற்றையும் ஆவி பறக்கப் பறக்க வண்டியில் ஏற்றினார்கள்.

உதுமான் திரும்பி வந்தபோது அவள் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எக்கா, அண்டா எங்க?"

ரோட்டைக் காட்டினாள்.

"நாசமாப் போவானுவ! எந்திரிங்கக்கா, வீட்டுக்குப் போங்க."

"போவ மாட்டேன். அந்தம்மா வரும்."

வெயில் ஏறியது. ஆபீஸ்காரர்கள் அவளையும் வெறும் தரையையும் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். பிச்சைக்காரி என்று நினைத்து ஒருவர் சில்லறை போட்டார். அதை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அந்த அம்மாள் வந்தேவிட்டாள். இந்தத் தடவை ஜீப் இல்லை, ஆட்டோவில். போனை எடுத்தாள், பெயரைச் சரிபார்த்தாள், சுற்றிலும் பார்த்தாள். சாமான் எங்கே?

"ஒங்க வண்டியிலதான் போகுது" என்றாள் லூர்தம்மாள், தமிழிலேயே. உதுமான் ஹிந்தியில் சொன்னார்.

முன்னால் சரக்கு இல்லாமல் போட்டோவை மேலிடத்தில் ஏற்கமாட்டார்கள் என்றாள் மேடம். உதுமான் தன் வாழைப்பழக் கூடையைத் தூக்கிக்கொண்டுவந்து லூர்தம்மாள் முன்னால் வைத்தார். மேடம் கூடையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். போட்டோவில் பழம் இருந்தால் தொழிலும் பழம் என்றுதான் எழுதமுடியும், எழுதட்டுமா என்று கேட்டாள்.

இத்தனை வருஷ இட்லிக்காரி பழக்கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எழுதுங்க" என்றாள்.

"மாஸ்க்கைக் கழட்டுங்க. கொஞ்சம் சிரிங்க" என்றாள் மேடம்.

கிரைண்டர் போனபோது அழாதவள், அண்டா போனபோது அழாதவள், அப்போது அழுதாள். நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. மேடம் காத்திருந்து பார்த்துவிட்டு, அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடன் வந்தது. அண்டாவை மீட்க அபராதம் கட்டியது போக, மிச்சத்தில் ஒரு கிரைண்டரும் வந்தது. சர்க்கார் பதிவில் மட்டும் லூர்தம்மாள் இன்றுவரை அழுதுகொண்டே வாழைப்பழம் விற்கிறாள்.