சௌல்தாரிக்கு ஒரு பிக்கப் லோடு

எங்கள் வீட்டு உரிமையாளருக்குத் திடீரென்று சுற்றுலாப் பயணிகள் மீது பாசம் வந்துவிட்டது. போர்ட் பிளேர் லம்பா லைனில் நாங்கள் குடியிருந்த வீடு விமான நிலையத்துக்கு நடந்தே போகிற தூரத்தில் இருந்தது. குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதைவிட ஹோம்ஸ்டே ஆக்கினால் லாபம் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். "தப்பா நினைக்காதீங்க மேடம், நீங்க நம்ம ஃபேமிலி மாதிரி" என்று சொல்லிக்கொண்டே ஏசிக்கு எங்கே ஓட்டை போடலாம் என்று சுவரைத் தட்டிப் பார்த்தார். இத்தனை வருடமாக அதே சுவரில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்க விடாதவர் அவர்.

சௌல்தாரியில் ஒரு வீடு கிடைத்தது. முன்பக்கம் பாக்குத் தோட்டம், பின்பக்கம் யாரோ வெண்டைக்காய் போட்டிருந்தார்கள். நகரத்துக்கு வெளியே நல்ல காற்று என்று என் கணவர் மகிழ்ந்தார். மருந்துக் கடை எங்கே என்றுதான் நான் முதலில் கேட்டேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோய். மாத்திரையில் அடங்குகிற வகை அல்ல. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கு முன்னும் இன்சுலின் ஊசி போட வேண்டும், போடாவிட்டால் அவள் உடம்பு தாங்காது. அவளுக்கு ஒத்துக்கொள்கிற மருந்து போர்ட் பிளேரில் எப்போதும் கிடைப்பதில்லை. சென்னையிலிருந்து தருவித்து, பல மாதத்துக்கானதைக் குளிர்பெட்டியில் சேர்த்து வைத்திருப்போம். தெருமுனையில் மளிகைக் கடை இருக்கிறது, அதில் தலைவலி மாத்திரை கிடைக்கும் என்று கணவர் சொன்னார். நல்ல காற்று என்பதற்கு விலை உண்டு.

நான் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் எஸ்டிமேட் போடும் வேலை பார்க்கிறேன். மெயின்லேண்டிலிருந்து வரும் சிமெண்டுக்குக் கப்பல் கூலி, துறைமுக ஜெட்டியில் இறக்குகூலி, மழையில் நனைந்து கல்லாகப் போகும் மூட்டை என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்து வைப்பவள். ஆகவே வீடு மாற்றும் செலவுக்கு நான் போட்ட பட்ஜெட்டைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. வண்டி, ஆள், அட்டைப்பெட்டி, சுமப்பவர்களுக்குச் சாப்பாடு, எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம். எதிர்பாராதது என்பதைப் பணத்தால் மட்டுமே அளந்த மூளையின் லட்சணம் அது.

முதலில் வந்தவர், கப்பல், விமானம், லாரி மூன்றையும் ஒரே பலகையில் வரைந்து வைத்திருக்கும் ஒரு பேக்கர்ஸ் கம்பெனிக்காரர். டை கட்டியிருந்தார். எங்கள் இரும்பு பீரோவைப் பல கோணங்களில் படம் எடுத்தார். எல்லாவற்றுக்கும் மரக்கூடு அடிக்க வேண்டும், கடல் காற்றுக்கு மூன்று சுற்று பிளாஸ்டிக் சுற்ற வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போய், "எந்தக் கப்பல் மேடம்?" என்று கேட்டார். சௌல்தாரிக்கு பஸ் போகிறது என்றேன். அதற்காக அவர் ஒரு மரச்சட்டத்தைக்கூடக் குறைக்கவில்லை. "எங்க மினிமம் ரேட்டே இதுதான்" என்றார். அந்தத் தொகைக்குப் பீரோவையும் கட்டிலையும் இங்கேயே விட்டுவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது என் கணவரின் அலுவலக நண்பர்கள். "மூவர்ஸுக்கு எதுக்குப் பைசா? நாங்க எல்லாம் செத்தா போயிட்டோம்?" என்றார்கள். போன மாதம் இவர்கள் ஒருவருக்கு வீடு மாற்றிக் கொடுத்ததில், அவருடைய வாஷிங் மிஷின் மேட்டிலிருந்து தானாகவே இறங்கிப் பள்ளத்து வீட்டுக்காரரின் வாழையில் போய் உட்கார்ந்தது. இலவசச் சேவைக்குக் கூலி கோழி பிரியாணி, கூடவே பாட்டில். பாட்டில் எப்போது திறக்கப்படும், பீரோவைத் தூக்கும் முன்பா பின்பா என்று கேட்டேன். கணவர் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

மூன்றாவதாக வந்தவர்தான் பிக்கப் வண்டிக்காரர். கூட இரண்டு ஆட்கள். அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள் என்று சொன்னார். "அக்கா, டென்ஷனே எடுக்காதீங்க. ஒரே ட்ரிப்பு. சாமான் எல்லாம் ஆராமா போய்ச் சேரும்" என்றார். அவர் கேட்ட தொகை என் பட்ஜெட்டுக்குள் அடங்கியது. தமிழ் பேசினார். விலை குறைந்தவர் நம் மொழியிலும் பேசிவிட்டால் நாணயமானவர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நானும் கட்டினேன்.

போகும் அன்று காலையில் குளிர்பெட்டியை நிறுத்தினோம். மீன் சந்தையில் கேட்டு வாங்கி, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிய தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி, மருந்து நேராக ஐஸில் படாதபடி துண்டில் சுற்றி, மொத்த இன்சுலினையும் அதில் வைத்தேன். மகள் அன்றாடம் பயன்படுத்தும் ஊசிப் பேனாவையும் அவள் பையிலிருந்து எடுத்து அதற்குள்ளேயே வைத்தேன்.

"அது என்கிட்டயே இருக்கட்டுமேம்மா" என்றாள்.

"ஸ்கூட்டர்ல வெயில்ல கெட்டுப்போகும். எல்லாம் ஒரே இடத்துல இருந்தாத்தான் தொலையாது."

பெட்டியைச் சுற்றிப் பழுப்பு டேப் ஒட்டி, மேலே சிவப்பு மார்க்கரில் பெரிதாக 'மருந்து' என்று தமிழில் எழுதினேன். வண்டிக்காரர் தமிழர்தானே. முன் சீட்டில், அவர் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன். "முன்னாடிதான் அக்கா, பத்திரமா" என்று அவர் தலையாட்டினார்.

கணவரும் மகளும் ஸ்கூட்டரில் முன்னே போனார்கள். பிக்கப் கிளம்பியது. சாவியை உரிமையாளரிடம் ஒப்படைக்க நான் மட்டும் பின்தங்கினேன். அவர் ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடிப் பார்த்து, குளியலறைக் கண்ணாடியில் ஒரு கீறலைக் கண்டுபிடித்து, அட்வான்ஸில் கழித்துக்கொண்டார். ஃபேமிலி மாதிரி. பிறகு ஆட்டோ பிடித்து, சிப்பிகாட் தாண்டி சௌல்தாரி போய்ச் சேர்ந்தபோது சாமான் பாதி இறங்கியிருந்தது. சாப்பிடும் நேரம் ஆகிவிட்டது. மகள் பாக்கு மரத்தடியில் உட்கார்ந்து, விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். முந்நூறைத் தாண்டியிருந்தது.

முன் சீட்டிலிருந்து பெட்டியை எடுத்தேன். கனத்தது. டேப்பைக் கிழித்தேன். நல்ல நீளத்துக்கு ஒரு சுரமாயி மீன், அதாவது வஞ்சிரம், பளபளவென்று, ஐஸுக்குள் படுத்திருந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்து எதுவும் இல்லை.

இரண்டு கையாலும் ஐஸைத் தோண்டினேன், அடியிலும் ஐஸ்தான். கணவர்தான் கேட்டார்: "இது என்ன?"

வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "மச்சி. மீனுதானே அண்ணா."

"எங்க பெட்டி எங்க?"

"இதானே?" என்றார். பிறகு அவர் முகம் மாறியது. "அப்போ ஏர்போர்ட்ல குடுத்தது?"

மெதுவாகத்தான் வெளியே வந்தது. எங்கள் லோடுக்கு முன்பே, ஒருவர் சென்னைக்குக் கொண்டுபோகும் மீன் பெட்டியைச் சந்தையிலிருந்து எடுத்து விமான நிலைய வாசலில் கொடுக்கும் வேலையையும் இவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வழிதானே. எங்கள் வாடகையில் ஓடும் வண்டிக்கு இன்னொரு வாடகை. முன் சீட்டில் இரண்டு வெள்ளைப் பெட்டிகள். இவர் வண்டியை நிறுத்தாமலே கூட வந்த ஆளைப் பார்த்து ஒன்றை நீட்டச் சொன்னார், அவர் கைக்கு எட்டியதை நீட்டினார்.

"மேல எழுதியிருந்தேனே? இவ்வளவு பெருசா, சிவப்புல?"

"எழுதியிருந்துச்சு அக்கா. மீன் கடை பேருன்னு நினைச்சேன்."

"மருந்துன்னு எழுதியிருக்கு. படிக்கத் தெரியாதா?"

"தமிழு பேச வரும். படிக்க வராது அக்கா. நான் ஹிந்தி மீடியம்" என்று அவர் சங்கடமில்லாமல் சொன்னார். "தெர்மாகோல்ல ஐஸ் போட்டு டேப் ஒட்டினா இங்க மீன்தானே? மருந்து யாரு இதுல வைப்பாங்க?"

அது உண்மை. இந்தத் தீவிலிருந்து விமானம் ஏறுகிற பாதிப் பேர் கையில் மீன் பெட்டி இருக்கும். அக்கா வீட்டுக்கு, சம்பந்தி வீட்டுக்கு, பழைய மேலதிகாரிக்கு. வெள்ளைப் பெட்டியைப் பார்த்தால் யாரும் உள்ளே என்ன என்று கேட்பதில்லை. கேட்காத ஊரில் நான் எழுத்தை நம்பினேன்.

வண்டிக்காரர் அந்தப் பயணியைத் தொலைபேசியில் பிடித்தார். மழை மேகத்தால் விமானம் தாமதம், இன்னும் வெளியேதான் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறாராம். எந்த நேரத்திலும் உள்ளே கூப்பிடலாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்றார் கணவர். அதுவும் நகரத்தில்தான் இருக்கிறது. வழியில் முதலில் ஏர்போர்ட், அங்கே கிடைக்காவிட்டால் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினேன். கணவர் குளிர்பெட்டியோடும் பாதி இறங்கிய கட்டிலோடும் நின்றார்.

வழி முழுக்க வண்டிக்காரருக்கு நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவர் எல்லாவற்றுக்கும் "ஹாஞ்சி அக்கா" என்றார். மகள் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தாள். தண்ணீர் கேட்டாள். திரும்பவும் கேட்டாள். சர்க்கரை ஏறும்போது தாகம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே ஒவ்வொரு தடவை அவள் பாட்டிலைத் தூக்கும்போதும் என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

"நான் சாப்பிடாம இருந்துக்கிறேன். அப்போ ஏறாது" என்றாள்.

அப்படி இல்லை என்று அவளுக்கே தெரியும். எனக்காகச் சொன்னாள்.

சிப்பிகாட் வளைவில் வண்டிக்காரர் மெல்லக் கேட்டார்: "அக்கா, அவரு மீனு?"

மீன் சௌல்தாரி வீட்டுத் திண்ணையில் திறந்து கிடந்தது. திரும்பிப் போக நேரமில்லை. "மீனுக்கு இப்ப ஒண்ணும் ஆகாது, ஓட்டுங்க" என்றேன்.

மீன்காரருக்குத்தான் ஆயிற்று. ஏர்போர்ட் வாசலில், சட்டையை இன் பண்ணி, புது ஷூ போட்டு, எங்கள் பெட்டியை இரண்டு முழங்காலுக்கு நடுவே அணைத்துக்கொண்டு ஒரு தெலுங்குக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. வண்டிக்காரர் இறங்கி ஹிந்தியில் விளக்கினார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "மேரா மச்லி கஹாங் ஹை?" அவருடைய மீன் எங்கே?

வீட்டில் இருக்கிறது, பணம் தந்துவிடுகிறேன் என்றேன். பணம் வேண்டாமாம். சென்னையில் அண்ணன் வீட்டில் விசேஷமாம், சுரமாயி கொண்டு வருகிறேன் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டாராம். மீன் வந்தால்தான் பெட்டி. இந்த மனிதர் கையில் இருப்பது என் மகளின் பல மாத உயிர். அவர் கவலை, வறுவல் இல்லாமல் எந்த முகத்தோடு இறங்குவது என்பது. டையும் ஷூவும் மாட்டியவர்களிடம் எனக்கு இந்த வீடு மாற்றம் முழுக்க ஒரு நல்ல வார்த்தையும் கிடைக்கவில்லை. நான் பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்தேன். அவர் விடவில்லை. பாதுகாவலர் ஒருவர் எங்களைப் பார்த்தார், தெர்மாகோல் பெட்டி என்று கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். இங்கே பிறந்தவள், ஹிந்தி அவளுக்குத் தண்ணீர் மாதிரி. குரலை உயர்த்தாமல் அவரிடம் சொன்னாள். அது என் மருந்து அங்கிள், அது இல்லாமல் நான் சாப்பிட முடியாது, திறந்து பாருங்கள் என்று. அவர் திறக்கவில்லை. திறந்தது அவர் மனைவி. துண்டை விலக்கி, பேனாக்களைப் பார்த்ததும் பெட்டியைப் பிடுங்கி என் கையில் வைத்துவிட்டு, கணவரைத் தெலுங்கில் திட்ட ஆரம்பித்தார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் அன்றைக்கு நான் கேட்டதிலேயே இனிமையான பேச்சு அதுதான்.

"பாபா, கவுண்டர் திறந்துருச்சு" என்று அவர் பையன் ஹிந்தியில் கூப்பிட்டான். மீன்காரர் எழுந்து, வெறுங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, வண்டிக்காரரிடம் "என் கூலியைத் திருப்பிக் கொடு" என்று ஹிந்தியில் கேட்டார். வண்டிக்காரர், பெட்டி ஒன்று கொடுத்தேன் அல்லவா என்று வாதாடிக்கொண்டிருந்தார்.

நான் பிக்கப்பின் திறந்த கதவருகே நின்று பேனாவை எடுத்தேன். குளிர்ந்திருந்தது, உறையவில்லை. மகளின் பையிலிருந்து ஊசிமுனையை எடுத்துப் பொருத்தப் பார்த்தேன். மரை ஏறவில்லை. மறுபடியும் திருகினேன். முனை வளைந்தது. வேறொன்றை எடுத்தேன், அது கீழே விழுந்தது. மகள் பேனாவை வாங்கி, கால்களைத் தொங்கப் போட்டுச் சீட்டில் உட்கார்ந்து, புது முனையைப் பொருத்தி, மருந்தளவு எண்ணைத் திருப்பத் தொடங்கினாள். நான் அவள் மேல் குனிந்து நின்றேன்.

"அம்மா, கொஞ்சம் தள்ளுங்களேன். நம்பர் தெரியல, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

தள்ளி நின்றேன்.