ஒரே நாளில் இரண்டு இன்ஜின்

என் தங்கையின் புருஷன் கடலில் செத்ததற்கு நான் காரணம். எண்ணூர்ப் பக்கம் அவர்கள் ஊரான நெட்டுக்குப்பத்தில் அப்போது வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். அவன் அலட்சியத்தால் செத்தான் என்றார்கள். அது பொய் என்று எனக்கு மட்டும் தெரிந்த நாட்கள் சில இருந்தன. அதைச் சொல்ல முதலில் விமானத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் விமான மெக்கானிக். பெரிய விமானம் இல்லை. மீனம்பாக்கத்தில் ஓரமாக இருந்த ஒரு சின்ன ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், வேலை. தினமும் திருவொற்றியூரில் ரயில் ஏறி, ராயபுரம் வழியாகக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி, வண்டி மாறிப் போவேன். எங்களிடம் வந்ததெல்லாம் ஆறு பேர், எட்டு பேர் உட்காரும் இரட்டை இன்ஜின் விமானங்கள். காரில் இருப்பது போலவே சிலிண்டரும் பிஸ்டனும் உள்ள இன்ஜின், இறக்கைக்கு ஒன்று.

சுனாமிக்கு அடுத்த வருடம், மணலிப் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஒரு முதலாளி பழைய விமானம் ஒன்று வாங்கக் கிளம்பினார். இரண்டு விமானங்கள் விற்பனைக்கு வந்திருந்தன. எதைப் பராமரிப்பது சுலபம் என்று எழுதித் தரும்படி எங்கள் இன்ஜினியர் என்னிடம் சொன்னார். முதலாளி ஒருநாள் ஹேங்கருக்கே வந்துவிட்டார்.

“ரெண்டு இன்ஜின் இருக்கு. ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு இருக்கு. அப்புறம் என்ன பயம்?” என்றார்.

“சார், ரெண்டு இன்ஜின்னா கெட்டுப்போறதுக்கு ரெண்டு இருக்குன்னு அர்த்தம்” என்றேன். இன்ஜினியர் என் காலை மிதித்தார்.

இரண்டு வாரம் உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினேன். முதல் விமானத்தில் இன்ஜினுக்கு நாலு சிலிண்டர், கார்புரேட்டர். சிலிண்டருக்கு இரண்டு வீதம் இரண்டு இன்ஜினுக்கும் சேர்த்துப் பதினாறு ஸ்பார்க் பிளக். கை நுழைய இடம் இருக்கும், ஒரு நாளில் கழற்றி மாட்டலாம். ஆனால் ஆட்களை நிறைய ஏற்றிக்கொண்டு ஒற்றை இன்ஜினில் அது உயரம் பிடிக்காது. கீழே விழும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். இரண்டாவதில் ஆறு சிலிண்டர், கூடவே இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ. இருபத்து நாலு பிளக். டர்போவுக்குப் போகும் புகைக்குழாய் சூட்டில் விரிசல் விடும், அதை ஒவ்வொரு தடவையும் கண்ணாடி பிடித்துத் தேட வேண்டும். சக்கரங்கள் உள்ளே மடியும், அவற்றை மடக்கும் மோட்டாரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். எதை வாங்கினாலும் ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் கடல்காற்றில் சிலிண்டருக்குள் துரு ஏறும். ரப்பர் குழாய்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் கெட்டுப்போகும். எதற்கான குழாய், எப்போது செய்தது என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். அச்சு இல்லாத குழாயைக் குப்பையில் போட வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் எங்கள் ஹேங்கர் வழக்கம் ஒன்றையும் எழுதினேன். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு இன்ஜினிலும் ஒரே வேலையைச் செய்யக்கூடாது. ஒன்றில் செய்த தப்பை இன்னொன்றிலும் அதே கை செய்யும். அப்போது இரண்டு இன்ஜின் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஒன்றைப் பார்த்து, பறந்து, சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும்.

முதலாளி பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். எந்த விமானத்தில் தோல் சீட்டு இருந்ததோ அதை வாங்கினார். ஆனாலும் நான் அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் அதற்காக மெனக்கெட்டேன். என் தங்கை புருஷனுக்கு அரை ஞாயிற்றுக்கிழமைதான் கொடுத்தேன்.

எங்கள் அப்பா கடலை விட்டுத் திருவொற்றியூரில் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். தங்கையை மட்டும் நெட்டுக்குப்பத்தில், கடலுக்குப் போகும் குடும்பத்தில் கொடுத்தோம். மாப்பிள்ளை ஃபைபர் போட் வைத்திருந்தான். பின்னால் மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு இன்ஜின். சுனாமி உதவியில் வந்த இன்ஜின் ஒன்றை, கடலுக்கே போகமாட்டேன் என்று ஒதுங்கிவிட்ட பக்கத்து வீட்டுக்காரன் விற்பதாகச் சொன்னான்.

“வாங்கி மாட்டிக்கவா மச்சான்? ஒண்ணு பட்த்துக்கிச்சுன்னா இன்னொண்ணுல வூடு வந்து சேந்துடுவேன்ல?” என்று கேட்டான்.

முதலாளி கேட்ட அதே கேள்வி. அவரிடம் வாய் காட்டிய நான் இவனிடம் “வாங்கு மாப்ளே” என்றேன். அவன் ஒற்றை இன்ஜினில் போய்வருவது எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

வாங்கினான். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பார்த்துக் கொடுக்கப் போனேன். போட் முகத்துவாரத்தின் ஓரத்தில் கட்டியிருந்தது. தங்கை கரையில் நின்று கிண்டல் செய்தாள்.

“ரெண்டு இன்ஜின் மாட்டிக்கினு ஏரோப்ளேன் வுடப் போறாரு. எங்க அண்ணன்தான் பைலட்டு.”

“அப்ப நீதான் ஏர்ஹோஸ்டஸ்ஸு. போய் டீ எட்த்துக்கினு வா” என்றான் அவன்.

பழைய இன்ஜினில் மண்ணெண்ணெய்க் கேனிலிருந்து வரும் ரப்பர் குழாய் காய்ந்து வெடித்திருந்தது. அதை மாற்றத்தான் வேண்டும். புதிதாக வாங்கிய இன்ஜினின் குழாய் நன்றாக இருந்தது. அதை விட்டிருக்கலாம்.

“ஒண்ண இன்னிக்குப் பாரு மச்சான். இன்னொண்ணு நல்லாத்தான ஓடிக்கினு கீது. அட்த்த வாரம் பாத்துக்கலாம்” என்று அவனே சொன்னான்.

“அட்த்த வாரம் எனக்கு வேல கீது. ஒரேடியா முடிச்சிடலாம்” என்றேன்.

பாரிமுனையில் ஒரு கடையில் வாங்கி வந்த குழாய் என் பையில் சுருளாக இருந்தது. பெட்ரோலுக்கா, மண்ணெண்ணெய்க்கா, தண்ணீருக்கா என்று அதன் மேல் ஒரு எழுத்தும் இல்லை. எண்ணெய்க்கு ஆகுமா என்று கடைக்காரரைக் கேட்டேன், ஆகும் என்றார். ஹேங்கரில் யாராவது அப்படி ஒரு குழாயைக் கொண்டு வந்திருந்தால் முகத்திலேயே வீசியிருப்பேன். போட்டுக்கு என்ன, இது போதும் என்று நினைத்தேன். அதுதான் உண்மை. சுருளை இரண்டாக வெட்டி இரண்டு இன்ஜினிலும் மாட்டினேன். அங்கேயே ஓட்டிப் பார்த்தோம். இரண்டும் கிண்ணென்று ஓடின. மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

பத்து நாள் ஓடியது. அதற்குப் பிறகு ஒரு காலையில் அவனும் கூட இரண்டு பேரும் கடலுக்குப் போனவர்கள் அன்றைக்கு வரவில்லை. மறுநாள் சாயங்காலம் பழவேற்காட்டுப் பக்கத்துப் போட் ஒன்று அந்த இரண்டு பேரை மட்டும் கொண்டுவந்து விட்டது. கவிழ்ந்த போட்டையும் கட்டி இழுத்து வந்தார்கள்.

திரும்பி வந்தவர்களில் ஒருவன், மாப்பிள்ளையின் சித்தப்பா மகன், நடந்ததைச் சொன்னான். ஒரு இன்ஜின் இருமி இருமி நின்றது. இன்னொன்றைக் கிளப்பினார்கள். கொஞ்ச தூரத்தில் அதுவும் அதே மாதிரி நின்றது. கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை தோல் போனது. இன்ஜினுக்கு எண்ணெய் வரவில்லை. நீரோட்டம் போட்டை இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் காலையில் தூரத்தில் போன கப்பலின் அலை பக்கவாட்டில் வந்து போட்டைப் புரட்டியது. இரண்டு பேர் போட்டின் அடியைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்குப் பிடி கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் காட்டுப்பள்ளிக் கரையில் கிடைத்தான்.

எண்ணெய் வரவில்லை என்று சித்தப்பா மகன் சொன்னதை ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. மாப்பிள்ளை எண்ணெய் பார்க்காமல் போயிருக்கிறான் என்றார்கள். கேன்கள் கடலோடு போய்விட்டன, காட்ட ஒன்றும் இல்லை. இரண்டு இன்ஜின் ஒரே சமயத்தில் எப்படிக் கெடும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவனைப் பெற்றவளே ஒப்பாரிக்கு நடுவில், “ரெண்டு இன்ஜின் கீதுன்ற கொழுப்புல எண்ண பாக்காம பூட்டியேடா” என்று அழுதாள். என் தங்கை, “நான்தான் கேன தூக்கிக் குட்த்தேன், ரொம்பி இருந்துச்சு” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பொண்டாட்டி அப்படித்தான் சொல்வாள் என்று விட்டுவிட்டார்கள்.

ஐந்தாம் நாள், இன்ஜினைச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கரையில் கிடந்த போட்டுக்குப் போனேன். இரண்டும் ஒரே மாதிரி நின்றது என்று கேட்டதிலிருந்து நான் மாட்டிய குழாய் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஒரு குழாயைக் கழற்றி பிளேடால் நீளவாக்கில் கிழித்தேன். வெளியே புதிதாக இருந்தது. உள்ளே ரப்பர் ஊறி உரிந்து, பால் ஆடை மாதிரி சுருண்டு வழியை அடைத்திருந்தது. இரண்டாவதையும் கிழித்தேன். அதே ஆடை, அதே இடத்தில்.

இரண்டையும் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து பீரோவுக்கு மேலே வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்குப் போனேன். ஹேங்கரில் என் கையெழுத்தை நம்பி விமானங்கள் கிளம்பின. சொல்லி என்ன ஆகப்போகிறது, செத்தவன் வரப்போகிறானா என்று ரயிலில் எனக்கு நானே பேசிக்கொண்டு போனேன். கோழைத்தனம். வேறு பெயர் அதற்குக் கிடையாது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அந்தப் பேப்பர் சுருளையும் பையில் எடுத்துப் போனேன். சொல்வேனா மாட்டேனா என்று அப்போதும் எனக்குத் தெரியாது. தங்கை தெருத் தண்ணீர்க் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பிழைத்து வந்த மற்றவனின் அம்மா குடத்தோடு வந்தாள்.

“உன் ஊட்டுக்காரன் எம்புள்ளையையும் சேத்து முழுங்கப் பாத்தான். எம்புள்ள தப்பிச்சிக்கினான்” என்றாள்.

தங்கை பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பதினாறு நாளாக இதைக் கேட்டுக் கேட்டு, கேன் ரொம்பி இருந்தது என்று சொல்வதைக்கூட அவள் விட்டிருந்தாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவளை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சுருளைப் பிரித்துக் காட்டினேன். நான் மாட்டியது, இரண்டும் ஒரே சுருள், ஒரே நாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

குழாயின் கிழிசலை விரித்து உள்ளே பார்த்தாள்.

“ஒண்ண மட்டும் மாத்தியிருந்தா?”

“இன்னொண்ணுல வந்திருப்பான்.”

“இது எத்தினி நாளா தெரியும் உனுக்கு?”

“பதினோரு நாளா.”

“பதினோரு நாளா அவர இவுங்க இன்னா பேசிக்கினு இருந்தாங்கன்னு தெரியும்ல?”

“தெரியும்.”

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “வா. எல்லாரும் கீறாங்க. இப்பவே சொல்லு” என்றாள்.

சாப்பிட வந்த ஊர்க்காரர்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். நின்று சொன்னேன். விமானத்தைப் பற்றியோ முதலாளியைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. குழாய் என்னுடையது, தப்பு என்னுடையது, அவன் எண்ணெயோடுதான் போனான் என்று மட்டும் சொன்னேன்.

“போனவன் போய்ட்டான். இத இப்ப ஏன்பா கிளறிக்கினு கீற?” என்றார் ஊர்த் தலைவர்.

பிழைத்து வந்த சித்தப்பா மகன் கையைக் கழுவாமலே எழுந்தான். “ஏரோப்ளேனே ரிப்பேர் பண்றவரு பாத்த இன்ஜினுன்னு நம்பித்தானடா ஏறினோம்” என்று என்னைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிவிட்டு வெளியே போனான்.

தங்கை என் கையிலிருந்து இரண்டு குழாயையும் பிடுங்கினாள். மூலையில் உட்கார்ந்திருந்த மாமியாரின் மடியில் கொண்டுபோய் வைத்தாள்.

“பாத்துக்கோ அத்த. உம்புள்ள எண்ண ரொப்பிக்கினுதான் போனாரு.”

அந்த அம்மாள் கிழிந்த குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். கறுப்பாக ஆடை விரலோடு வந்தது. “நான் இன்னா பேச்சு பேசிட்டேன் அவன” என்று தலையில் அடித்துக்கொண்டாள். தங்கை அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரலைத் தன் புடவையால் துடைத்துவிட்டாள். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு எண்ணூர் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

வருஷா வருஷம் திதிக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்புகிறார்கள். போகிறேன். தங்கை இலை போடுகிறாள், சோறு வைக்கிறாள். என்னோடு பேசுவதில்லை.