பெயிண்ட் வாளியில் ஒரு கனகாம்பரம்

ஈரக் கோணியும் பச்சைச் சிமிட்டியும் கலந்து எழும் குளிர்ந்த மணம் ஒன்று உண்டு. புதிதாக வார்த்த தூணைச் சாக்கினால் சுற்றிக் கட்டி, விடிந்ததும் அதன்மேல் நீரூற்றும்போது எழுவது அது. என் பத்தாம் வயது முழுவதும் எனக்கு அந்த மணமாகவே நினைவில் நிற்கிறது. மைசூரின் சுற்றுச்சாலைக்கு அப்பால், எல்லைக்கற்கள் மட்டும் நட்டுப் பெரும்பாலும் வெறுமனைகளாகவே கிடந்த ஒரு புதுக்குடியிருப்பில், யாரோ ஒருவர் கட்டிக்கொண்டிருந்த மாடிவீட்டின் கதவில்லாத முன்னறையில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா அவ்வீட்டின் கொத்தனார். அம்மா அவரிடமே ‘சித்தாள்’. இருவரும் கொள்ளேகாலுக்கு அப்பாலுள்ள மார்டள்ளியிலிருந்து வந்த தமிழர்கள். ஒரு வீடு முடிந்து அதற்குரியவர்கள் பால் காய்ச்சும் நாளுக்கு முந்தைய நாள், தட்டுமுட்டுப் பொருள்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த மனைக்குப் போவது எங்கள் வழக்கம்.

அப்படிப் போகும்போதெல்லாம் உடன்வந்த ஒரே உயிர்ப்பொருள், வெள்ளையடித்து முடிந்த ஒரு ‘பெயிண்ட் வாளி’யில் அம்மா வளர்த்த கனகாம்பரச் செடி. மார்டள்ளியில் தன் வீட்டு வேலியோரம் நின்றதைத் திருமணமான ஆண்டில் அம்மா பெயர்த்துக்கொண்டு வந்தாளாம். பகல் முழுவதும் சும்மாடும் சாந்துச் சட்டியும் சுமந்த தலையை அவள் மாலையில் அலசி முடிந்து, இரண்டு விரற்கடை நீளமுள்ள கனகாம்பரச் சரத்தைச் சூடிக்கொண்ட பிறகே அடுப்பைப் பற்றவைப்பாள். மணமில்லாத பூவுக்கு இத்தனை பாடா என்று அப்பா ஏளனம் செய்தால், “உங்க மல்லிப்பூவு பொழுது சாயறதுக்குள்ள செத்துப்போயிருது. இது நாலு நாளைக்கு நிக்குமுங்க” என்று திரும்பாமலே சொல்வாள். சென்ற முறை லாரி ஏற்றியபோது அந்த வாளிக்காக இருவருக்கும் பெரிய வாக்குவாதம் நிகழ்ந்தது. பூக்காத குச்சியாகிவிட்டால் அடுத்த முறை அதை ஏற்றமாட்டேன் என்று அப்பா தீர்த்துச் சொல்லியிருந்தார்.

தீபாவளி கழிந்ததும் அம்மா பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு சென்றாள். பள்ளி கெடும் என்பதால் நான் அப்பாவோடு தங்கினேன். பேருந்து ஏறுமுன் அவள் என்னிடம் ஒப்படைத்தது அந்தச் செடி ஒன்றைத்தான். “நான் திரும்பி வர்றப்ப பூவு இருக்கோணும் அம்மிணி. கைக்கொழந்தையோட வெறுந்தலையா வந்து இந்தப் படி ஏறமாட்டேன், சொல்லிப்புட்டேன்” என்றாள். வீட்டுக்கு அப்போது படியே கட்டப்பட்டிருக்கவில்லை என்பதை நாங்கள் இருவருமே நினைக்கவில்லை. மாசியில் அவள் வரும்வரை அந்தச் செடியை வாழவைப்பது என்று நான் உறுதி கொண்டேன்.

அந்த உறுதியே செடிக்கு எமனாயிற்று. செடி வளர்ப்பைப் பற்றி எனக்கு ஏதும் தெரியாது. ஆனால் நீரூற்றுவதைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்பியிருந்தேன். பள்ளி விட்டு வந்ததும் புதுச்சுவர்களுக்கும் தூண்களுக்கும் ரப்பர்க் குழாயால் நீரடிப்பது என் பொறுப்பு. இருபத்தொரு நாள் வரை நடக்கும் அதை வேலையாள்கள் ‘கியூரிங்’ என்பார்கள். புதிதாக வார்த்த தளத்தின்மேல் அப்பா களிமண்ணால் வரப்பெடுத்துப் பாத்தி பாத்தியாக நீர் கட்டுவார். “ஒரு நேரம் காஞ்சுதுன்னா வெடிச்சுரும். அப்பறம் எத்தன தண்ணி ஊத்துனாலும் ஒட்டாது” என்று அவர் சொல்வது எனக்கு மனப்பாடம். ஞாயிறுதோறும் வீட்டுக்குரியவர் வந்து தம் வண்டியை நிறுத்துமுன்பே, “நீரு ஹாக்கித்ரா?” என்று, தண்ணீர் ஊற்றியாயிற்றா எனக் கன்னடத்தில் என்னைத்தான் கேட்பார்; ஊற்றினேன் என்பதை ‘ஹாக்தே’ என்று நான் பெருமிதத்தோடு சொல்வேன். ஆகவே செடிக்கும் அதே முறையைக் கையாண்டேன். வாளியின் விளிம்பையொட்டிக் களிமண் வரப்பு எழுப்பி, நாளுக்கு மூன்று முறை நீர் கட்டினேன். தண்டின் அடிப்பகுதியைத் தூணுக்குச் செய்வது போலவே சாக்குத் துண்டால் சுற்றிச் சணலால் கட்டி, அது உலராமல் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் அடியிலைகள் மஞ்சளாயின. நான்காம் வாரம் கொழுந்துகள் தலைதாழ்ந்தன. வாட்டம் என்றால் தாகம் என்று கொண்டு நான் நீரை மேலும் கூட்டினேன். அந்நாளில் ஒரு காலை, அப்பாவிடம் வேலை செய்த செல்வியக்கா மணற்சட்டியோடு என்னைக் கடந்து போனவள், நின்று வாளியை எட்டிப் பார்த்தாள். அவள் எங்கள் ஊர்க்காரி, சிரிக்காமல் கேலி பேசுபவள்.

“ஏம்புள்ள, செடிக்குக் கியூரிங்கா? எத்தன நாளு, இருவத்தியோரு நாளா?” என்றவள், மேலே சாரத்தில் நின்றவர்களைப் பார்த்து, “மேஸ்திரி பொண்ணு செடிக்குத் தண்ணி கட்டிருக்குது, வந்து தளம் கெட்டியாயிருச்சான்னு தட்டிப் பாருங்க” என்றாள்.

சாரம் முழுவதும் சிரித்தது. நான் அழவில்லை. அவர்கள் வேலைக்குத் திரும்பியபின் சாக்கைப் பிரித்தேன். தண்டு கறுத்து, விரல் பட்டால் தோலுரியும்படி இருந்தது. வாளியைச் சாய்த்தபோது சாக்கடை நாற்றம் எழுந்தது. அம்மா அடியில் துளையிட்டிருந்தாள். ஆனால் நீர் நிற்கவேண்டும் என்பதற்காக அத்துளையைச் சாந்தால் அடைத்தவள் நானே. அப்பாவின் ஆணியையும் சுத்தியலையும் எடுத்து ஏழிடங்களில் துளைத்தேன். கறுத்த நீர் வெகுநேரம் வடிந்தது. பின்னர் அச்சத்தில் நேரெதிர் முறைக்குத் தாவினேன். வாளியை வெயிலில், மணற்குவியலின் பக்கத்தில் வைத்து, துளி நீரும் விடாமல் காத்திருந்தேன். வேர் அழுகிய செடிக்கு அதுவும் பயன்படவில்லை. மார்கழி பிறப்பதற்குள் இலையெல்லாம் உதிர்ந்து, வைக்கோல் நிறத்தில் மூன்று காய்ந்த பூக்கதிர்களோடு ஒரு குச்சி மட்டும் நின்றது.

ஞாயிறு மாலைகளில் அம்மா தன் அண்ணன் வீட்டிலிருந்து அப்பாவின் கைப்பேசிக்குப் பேசுவாள். உடம்பைப் பற்றிச் சொன்னபின் என்னிடம், பூத்திருக்கிறதா என்பாள். பூத்திருக்கிறது என்றேன். எத்தனை கதிர் என்று கேட்டாள். மூன்று என்றேன். அந்த எண்ணிக்கையில் மட்டும் பொய்யில்லை. அப்பா பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும் கைப்பேசியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான்கு ஞாயிறுகள் இவ்வாறு பொய் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அது முந்தியதைவிட எளிதாக வந்தது என்பதை எழுதாமல் விடுவது முறையன்று.

ஒரு சனிக்கிழமை, அரைநாள் பள்ளி முடிந்து வந்தேன். குச்சியைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சினம் மூண்டது. நீரில்லாமலும் வாழமாட்டாய், நீரிலும் வாழமாட்டாய் என்று மனத்துக்குள் வைதுகொண்டே ஒரு குவளை நிறைய நீரை அதன் தலையில் கொட்டினேன். சில நொடிகள் கழித்துக் கதிர்களுக்குள் ‘பட், பட்’ என்று வெடிப்பொலி கேட்டது. ஏதோ ஒன்று என் கன்னத்தில் தெறித்தது. உலர்ந்த கனகாம்பரக் காய் நீர் பட்டால் வெடித்து விதையை எறியும் என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். அந்தச் செடிக்கு விதை உண்டு என்பதையே அப்போதுதான் அறிந்தேன். நான் கைகளால் கதிர்களைப் பொத்தியபோது காய்களெல்லாம் வெடித்து முடிந்திருந்தன. என் உள்ளங்கையில் ஒரு விதைகூட இல்லை. எல்லாம் பக்கத்திலிருந்த பூச்சு மணலில் விழுந்திருந்தன. திங்கட்கிழமை பூச்சு வேலை தொடக்கம். அந்த மணல் முழுவதும் சிமிட்டியோடு கலந்து சுவரேறிவிடும்.

மணல் சலிக்கும் சல்லடை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. என் உயரமே இருந்த அதை இழுத்து வந்து செங்கல்லில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, குவியலின் விளிம்பிலிருந்து மணலை அள்ளி வீசத் தொடங்கினேன். மெல்லிய மணல் வலைக்கு அப்பால் விழும். சிறுகல்லும் கிளிஞ்சலும் இப்பால் உருளும். அவற்றைத் தாளில் பரப்பி ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்க்கவேண்டும். நனைந்த விதையைச் சுற்றி வழவழப்பு ஊறி, அதில் மணல் ஒட்டி, அது வெறும் மண்ணுருண்டையாகவே தோன்றும். பொழுது சாயும்வரை சலித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஞாயிறு காலை மீண்டும் தொடங்கினேன். செல்வியக்கா தலைவாரிக்கொண்டே வந்து நின்றாள். “தோடு தொலைச்சவளாட்டம் தேடறயே” என்றாள். கனகாம்பர விதை என்றேன். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு எதிரில் குந்தினாள். முதல் விதையைக் கண்டெடுத்தவள் அவள்தான். தட்டையாய்ப் பழுப்பாய் எள்ளைவிடச் சற்றே பெரிதாய் இருந்தது. நண்பகலுக்குள் ஒன்பது சேர்ந்தன.

அப்பா கடைத்தெருவிலிருந்து திரும்பியபோது குவியலில் பாதி சலிக்கப்பட்டுக் கூம்பாக நின்றது. அவர் ஒரு கைப்பிடி அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டார். “நாளைக்கு ரெண்டாளு வேலை மிச்சம்” என்று மனநிறைவோடு சொல்லி உள்ளே போனார். நான் கண்டெடுக்காத விதைகள் அந்த வீட்டின் பூச்சுக்குள்தான் எங்கேயோ இருக்கின்றன.

இரண்டு பால்மாவுத் தகர டப்பாக்களில் அடியெல்லாம் துளைத்து, மணலும் செம்மண்ணும் கலந்து ஒன்பதையும் ஊன்றினேன். இம்முறை நீரை ஊற்றவில்லை. மேல்மண்ணில் விரலை அழுத்தி, உலர்ந்திருந்தால் மட்டும் கையால் தெளித்தேன். ஊன்றிய ஆறாம் நாள் தம்பி பிறந்த செய்தி வந்தது. அப்பா மார்டள்ளிக்குப் புறப்பட்டு என்னையும் அழைத்தார். நான் வரவில்லை என்றேன். தம்பியைப் பார்க்க ஆசையில்லையா என்றார். தம்பி அங்கேயேதான் இருப்பான், இதை விட்டால் காய்ந்துவிடும் என்றேன். அவர் தகரங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செல்வியக்காவிடம் என்னை ஒப்படைத்துத் தனியே போனார். பதினைந்தாம் நாள் நான்கு முளைகள் மண்ணைக் கீறின. இரண்டு கருகின, இரண்டு நின்றன.

மாசி மாதம் அம்மா வந்தாள். கட்டி முடித்திருந்த புதுப்படியின்கீழ், தோளில் குழந்தையோடு நின்று, வாளி இருந்த இடத்தைப் பார்த்தாள். அவள் கேட்குமுன் நானே சொல்லிவிட்டேன்.

“செத்துப்போச்சும்மா. நாந்தான் தண்ணி ஊத்தி ஊத்திக் கொன்னுபோட்டேன். போன்ல சொன்னதெல்லாம் பொய்யி.”

அம்மா குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். பின்னர் தகரங்களைக் காட்டி, “இதென்ன?” என்றாள். அதன் விதை என்றேன். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுக் குந்தி, மண்ணில் விரல் வைத்தாள்.

“காஞ்சு கெடக்குது. இன்னிக்கு ஊத்தலையா?”

“சாயங்காலந்தான். மேமண்ணு நல்லாக் காஞ்சாத்தான் ஊத்துவேன்.”

என்னை நிமிர்ந்து பார்த்தாள். “வெறுந்தலையாத்தான் ஏற வெச்சுட்ட” என்று சொல்லிப் படியேறினாள். பொய்யைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் ஓராண்டுக் காலம், எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், செடிக்குக் கியூரிங் போட்டவள் என் மகள் என்று முதலில் எல்லாரிடமும் சொல்லிவிடுவாள்.

பங்குனியில் லாரி வந்தது. நாலு விரல் உயரத்தில், மொட்டு என்பதே இல்லாமல் நின்ற இரண்டு நாற்றுகளையும் இரு கைகளிலும் அணைத்துக்கொண்டு, இவை ஏறாவிட்டால் நானும் ஏறேன் என்று மணலில் அமர்ந்துவிட்டேன். அப்பா கயிறு இறுக்குவதை நிறுத்திப் பார்த்தார். “குச்சியாட்டந்தான் இருக்குது” என்றார். பிறகு, “லாரியில எடமில்ல. மடியில வெச்சுக்க” என்றார். ஆவணியில் முதற்கதிர் பூத்தது. அதை அம்மா பறிக்கவிடவில்லை. பூ முடிந்ததும் காகிதப்பை மாட்டி நூலால் கட்டி, விதைக்கென்று விட்டாள்.

அந்தக் கொடிவழி எங்களோடு ஒன்பது கட்டடங்களுக்கு வந்தது. பின்னர் நாங்கள் தரையெல்லாம் ஓடு பதித்த வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். ஒரு கோடையில் பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது மாடியில் வைத்திருந்த செடிகள் எல்லாம் பொசுங்கியிருந்தன. எடுத்துவைத்த விதையும் அவ்வாண்டு இல்லை. இன்று அந்தச் சுற்றுச்சாலைக்கு அப்பால் வெறுமனை என்று ஒன்றைக் காண்பது அரிது. தூண்களில் சாக்கு சுற்றுவது குறைந்து, ஏதோ ஒரு திரவத்தைப் பூசிவிட்டுப் போகிறார்கள். ஆற்று மணல் போய்க் கல்லரைத்த மணல் வந்துவிட்டது. அதில் சலித்துத் தேட ஒன்றுமில்லை. நாற்றுப்பண்ணைகளில் பெரிய இதழ்களோடு விற்கும் கனகாம்பரம் விதை வைப்பதில்லை. கிளையை ஒடித்து நட்டே பெருக்குகிறார்கள். விதைக்கும் பழைய வகையைக் கேட்டால், பூ சிறியது, யாரும் வாங்கமாட்டார்கள் என்கிறார்கள். சென்ற மாதம் மட்டும் நான்கு பண்ணைகளில் கேட்டுவிட்டேன்.

மார்டள்ளியில் பழைய வேலிகள் ஏதேனும் மிஞ்சியிருக்கலாம் என்கிறாள் அம்மா. வரும் சனிக்கிழமை கொள்ளேகால் பேருந்தில் புறப்படுகிறேன். அங்கே இல்லையென்றால் கோபிநத்தம். அங்கும் இல்லையென்றால் அதற்கடுத்த ஊர். காய்ந்த கதிர் ஒன்று போதும். ஈரம் படாமல் அதை எப்படிக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியும்.